மிஸ்ஸிங் கிடைச்சிருச்சுங்க

போன் அடித்தபோது மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு எடுத்திருக்கலாம். தொலைபேசி நிலையத்தில் காலம் பூராவும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், முன்பின் தெரியாத ஆட்களின் இருமலை வைத்தே லைன் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொன்னவள், தன் சொந்தப் போனை மட்டும் மிக்ஸி இரைச்சலுக்கு நடுவே எடுத்தாள். "அம்மாங்களா? அந்த மிஸ்ஸிங் கிடைச்சிருச்சுங்க. கொஞ்சம் வந்துட்டுப் போயிருங்க" என்றது ஓர் ஆண் குரல். "சரிங்க, வர்றனுங்க" என்றாள் நாகமணி. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். சட்னியை அப்படியே போட்டுவிட்டு, சேலை மாற்றி, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, டிக்கெட்டை வளையலுக்குள் செருகிய பிறகுதான் உறைத்தது, யார் பேசியது என்று தான் கேட்கவே இல்லை. எங்கிருந்து பேசறீங்க. வேலையில் இருந்த காலத்தில் வாய் ஓயாமல் கேட்ட கேள்வி. தூக்கத்தில்கூட நீ என்னை எங்கிருந்து பேசறீங்கன்னுதான் கேக்கறே என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த ஒரு வரி இன்றைக்குப் பார்த்து வாயில் வரவில்லை, வரவேண்டிய அன்றைக்குத்தான் எதுவும் வராது, டிக்கெட்டாவது சரியான ஊருக்கு வாங்கினோமா என்று எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டு மிஸ்ஸிங் இருந்தன. அதுதான் தொல்லை. ஒன்று காருடையது. அவருடைய கார், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் வைத்த பழைய ஜெர்மன் கார், போன வாரத்திலிருந்து நின்ற இடத்தில் நின்றபடியே உடம்பை உலுக்கிக்கொண்டிருந்தது. ஆறில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் படுத்துக்கொள்கிறது, அதற்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பேர் மிஸ்ஸிங். வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுங்கம்மா, விட்டுட்டுப் போங்க, கண்டுபிடிச்சுட்டுச் சொல்றேன் என்று மெக்கானிக் ஜக்கரியா வாங்கி வைத்திருந்தார். இன்னொரு மிஸ்ஸிங் அவர். அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி, மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், போன ஆடியில் வீட்டை விட்டு நடந்து போனவர் போனவர்தான். பஸ் ஸ்டாண்டு கேமராவில் கடைசியாகத் தெரிந்ததால் டவுனுக்குள் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் பதிவானது. மேன் மிஸ்ஸிங் என்று அங்கே அதற்குப் பேர். ஒவ்வொரு தரம் அவள் போய் நிற்கும்போதும் புகார் எழுதிக்கொள்ளும் ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, மிஸ்ஸிங்கம்மா வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுப்பார். கெட்ட மனுசர் இல்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் தருவார், ஆனால் காணாமல் போனது தான்தானோ என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றும்.

போன் மடியில்தான் இருந்தது. வந்த நம்பர் இருந்தது. அமுக்கினால் தெரிந்துவிடும். நம்பரைப் பார்த்துச் சொல்லிவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை, பட்டறையில் யார் கையில் எந்தப் போன் இருக்கிறதோ அதிலிருந்து கூப்பிடுவார்கள், ஸ்டேஷனிலும் அதே கதைதான். அமுக்கலாம். பெருவிரல் அதன் மேல் போய் நின்றது, திரை அணைந்தது, மறுபடி வெளிச்சமாக்கினாள், மறுபடி அணைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கூடையிலிருந்த கீரைக்கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்தபடி, சார்ஜ் இல்லீங்களாக்கா என்று கேட்டாள். இருக்குங்க என்றாள் நாகமணி. சார்ஜ் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, விரல்தான் இறங்கமாட்டேன் என்கிறது. இந்த பஸ் முதலில் பட்டறை ஸ்டாப்பில் நிற்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டேஷன் ஸ்டாப். அதுவரை நேரம் இருக்கிறது. இந்த நேரத்துக்குள் அவர் இருக்கவும் இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார், கார்தான், காராகத்தான் இருக்கும், மிஸ்ஸிங் என்று முதலில் சொல்கிறவன் மெக்கானிக்காகத்தான் இருப்பான். ஆனால் கிடைச்சிருச்சு என்றானே. மெக்கானிக் அப்படிச் சொல்வானா. தெரிஞ்சுபோச்சு என்பான், பிடிச்சாச்சு என்பான், ரெடி பண்ணியாச்சு என்பான். கிடைப்பது தொலைந்து போனதற்கு உண்டான பேச்சு. செயின் கிடைக்கும், மாடு கிடைக்கும், ஆள் கிடைப்பார். ஆள் என்றால் கிடைச்சிட்டாருங்க என்று வரவேண்டும். அவன் சொன்னது கிடைச்சிருச்சு. சரியாகக் கேட்டதா, கிடைச்சிட்டாரு என்று சொன்னதைத்தான் மிக்ஸி தின்றுவிட்டதா. இல்லை. காது இன்னும் கெட்டுப்போகவில்லை. ருச்சு என்றுதான் முடிந்தது. அப்படியானால் அது கார். கார்தான் அது. காரைத்தான் அது இது என்று சொல்வார்கள். காரை மட்டுமா. அங்கே வந்ததும் அவள் எண்ணம் நின்றது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி வெயிலில் சுட்டது, விடவில்லை.

ஏனென்றால் ஒரு தரம் போய்ப் பார்த்தாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால். அன்றைக்கும் போன்தான். ஒண்ணு கிடைச்சிருக்குதுங்க, உங்களுதான்னு பாத்துட்டுப் போயிருங்க. உங்களுதா. தொலைந்த குடையைக் கேட்பது மாதிரி. பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நிற்க வைத்தார்கள், மகள் பிருந்தா பெங்களூரிலிருந்து வருகிறவரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்ல நினைத்து, வேண்டாம், அவள் வந்தால் அவளையும் அல்லவா பார்க்க வைக்க வேண்டும் என்று தனியாகவே உள்ளே போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். அவருக்கு இடது கால் கட்டைவிரல் நகம் பாதிதான், மில்லில் ஒரு இரும்பு உருளை விழுந்து போனது. அந்தக் காலில் நகம் முழுசாக இருந்தது. முழு நகத்தைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, யார் பெற்ற பிள்ளையோ அங்கே கிடக்கிறது, அதன் நகத்தைப் பார்த்து இவளுக்குச் சந்தோஷம், வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வெட்கத்தில்தான் அழுதாள், வேறெதற்கும் இல்லை. உயிரோடு இருக்கிறவரை ஒருத்தர் வந்தார், போனார், சாப்பிட்டார். மூச்சு நின்ற அந்த நிமிஷம் மொழிகூட மரியாதையைக் கழற்றிக்கொள்கிறது. வந்தது, கிடைச்சது, எடுத்தாச்சு. ஆக ருச்சு என்று முடிந்தால் அது காராகவும் இருக்கலாம், இன்னொன்றாகவும் இருக்கலாம். உயிரோடு கிடைத்த ஆளாக மட்டும் இருக்க முடியாது. சாமி, காராக இருக்கட்டும். அறுபது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை காருக்கு வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

காரை அவர் வாங்கி வந்த அன்று அவள் பேசவே இல்லை. ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், இவர் போய் எவனோ ஊட்டியில் எஸ்டேட் வைத்திருந்தவன் கழித்துவிட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து, பொண்ணு பார்க்க வந்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நாலு வால்வு. பெல்ட் கிடையாது, செயின். செயின் என்றால் அவருக்குப் பாதி உயிர், பெல்ட்டை நம்பி நான் ராத்திரி தூங்கமாட்டேன் என்பார். டவுனுக்குள் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கொடுக்காது, அதைச் சொன்னால் மட்டும் காது கேட்காத மாதிரி இருப்பார். ஓடுகிற இன்ஜின் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டினார். அது நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டு வாத்தியார், பால்காரர், எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாலு சிலிண்டர் வண்டியில இத நிறுத்துங்க பாக்கலாம் என்பார் யாரோ சண்டைக்கு வந்த மாதிரி. அப்புறம் அவளுக்கு வகுப்பு நடக்கும். ஒண்ணும் ஆறும் ஜோடி, ரெண்டும் அஞ்சும் ஜோடி, மூணும் நாலும் ஜோடி. ஜோடி சேர்ந்து மேலே ஏறும், சேர்ந்து கீழே இறங்கும், ஆனால் ஒன்று வெடிக்கிறபோது மற்றது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், ரெண்டும் ஒரே நேரத்தில் வெடிக்காது. வெடிக்கிற முறை இப்படி: ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு. சமையலறை வாசலில் நின்று அதைச் சொன்னபோது அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல், எந்த ஊர் நம்பருங்க அது என்று கேட்டாள். ஆறு இலக்கம். அவள் வேலையில் இருந்தபோது கோயமுத்தூர் நம்பர்கள் ஆறு இலக்கம்தான். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதைதான், எங்க வீட்டம்மா ஃபயரிங் ஆர்டரைக் கேட்டுட்டு டிரங்க் கால் போட்டுக் குடுக்கட்டுமான்னா பாருங்க என்று. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் மறுத்ததும் இல்லை.

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒண்ணு, அஞ்சு, மூணு. மறதி அவரிடம் வந்தது எப்போது என்று டாக்டர்கள் கேட்டார்கள். யாருக்குத் தெரியும். சாவியை வைத்த இடம் மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. ஆனால் ஒருநாள் நாணயத்தை நிறுத்த முயன்றார், அது விழுந்தது, மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்தது. இன்ஜின் பட்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடுங்கியது அவர் கை. அவர் அவளைப் பார்த்து, வண்டியில் ஏதோ கோளாறு இருக்குது என்றார். ஆமாங்க என்றாள். நரம்பு டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது தொண்ணூற்று மூன்றோடு நின்று தரையைப் பார்த்தார், என்ன மாசம் என்றதற்கு அவளைத் திரும்பிப் பார்த்தார், மகள் பேர் கேட்டதற்கு ஏதோ சித்தி பேரைச் சொன்னார். வண்டி எத்தனை சிலிண்டர் என்று அவளாகத்தான் எடுத்துக் கொடுத்தாள், பாவம் மனுசர் டாக்டர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று. உடனே நிமிர்ந்தார். ஆயில் ஆறரை லிட்டர், வால்வு மூடி கேஸ்கெட் வழியாக ஆயில் கசிந்து பிளக் குழிக்குள் இறங்கும், கவனிக்காவிட்டால் மிஸ்ஸிங் வரும், தண்ணீர் பம்ப் கரண்டில் ஓடுவது, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், அதனால் காலக்கெடு பார்த்து நாமே மாற்றிவிட வேண்டும், கெட்டுப்போகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடகடவென்று சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒண்ணு அஞ்சு மூணு ஆறு ரெண்டு நாலு என்று முடித்து, அவ்வளவுதான் என்பதுபோல் கையை விரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில், நீங்க யாரு வீட்டுப் பொண்ணுங்க என்று அவளை மரியாதையாகக் கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் நிற்பது தண்ணீர் பம்ப் மட்டுமா.

அந்த வரிசையும் தேய்ந்தது. அதுதான் அவளைக் கொன்றது. காலையில் காபி குடித்ததும் போர்டிகோவில் நின்ற காரில் போய் உட்கார்ந்துகொள்வார், ஓட்டக் கூடாது, கேட்டுக்குப் பூட்டு, ஆனால் கிளப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒண்ணு, அஞ்சு, மூணு என்று சொல்வார். அதற்குமேல் வராது. வாய் திறந்தபடி இருக்கும், கண் அவள் பக்கம் திரும்பும், ஆழக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்துவிட, கையில் வெறும் கயிற்றோடு நிற்பவர் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஆறு என்பாள். ரெண்டு, நாலு என்று முடித்துவிடுவார், முகம் தெளியும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி மூணில் நிற்பார். ஆறு. எத்தனை காலை. அலுப்பு வந்த காலையும் உண்டு, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே ஆறு ஆறு ஆறு என்று முன்கூட்டியே சொல்லிவைத்த காலையும் உண்டு. அப்படிச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார். மூணுக்கு அப்புறம், அந்த இடைவெளிக்குள், சரியாக விழ வேண்டும். டெலிபோன் வேலையும் அதுதானே, இவர் பேசி நிறுத்தி அவர் பேசத் தொடங்குவதற்குள் லைனைக் கொடுக்க வேண்டும். இப்போது யார் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கேயாவது ஒரு கோயில் மண்டபத்தில், ஏதாவது ஒரு கடை நிழலில் உட்கார்ந்து மூணு என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்துகொண்டு யாரைப் பார்ப்பார். ஆடியிலிருந்து அவள் அதைத்தான் நினைக்கிறாள். சோறு தின்றாரா என்பதைவிட அதைத்தான்.

அன்றைக்கு வந்தது கேஸ் சிலிண்டர். வாசலில் மணியடித்துச் சிலிண்டர் என்று சத்தம் கொடுத்தான். காரில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் திருப்பி, எத்தனாவது சிலிண்டர் என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தாள், சிலிண்டரை அடுப்படிவரை உருட்டிக்கொண்டு வரச் சொன்னாள், பழைய சிலிண்டரைக் கழற்றி, ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தால் கார் ஓடிக்கொண்டிருந்தது. அழகாக, நாணயம் நிறுத்தலாம்போல ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. தெருவில் ஓடினாள். கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ஏனுங்க, ஏனுங்க என்று கத்திக்கொண்டு ஓடினாள். தெருவில் போன ஆம்பிளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள், சைக்கிளில் போனவர், எல்லாரும் யாரோ பெண்டாட்டி கூப்பிட்ட மாதிரி திரும்பினார்கள், திரும்ப வேண்டியவர் ஒருத்தர் மட்டும் இல்லை. ஸ்டேஷனில் பேர் கேட்டபோதுதான் முதல்முதலாகச் சொன்னாள். தெய்வசிகாமணி. சொன்னதும் யாரோ வேற்று ஆளைப் பற்றிப் புகார் கொடுக்கிற மாதிரி இருந்தது. சத்தமாகச் சொல்லுங்கம்மா என்றார் ரைட்டர். இன்னொரு தரம் சொன்னாள். பேரைச் சொன்னதால்தான் போய்விட்டாரோ என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது, அவர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார் என்பது காலையில்தான் நினைவுக்கு வந்தது.

காரை விற்றுவிடு என்று பிருந்தா எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். யாரும்மா ஓட்டப்போறா. யாரும் ஓட்டப்போவதில்லை. ஆனால் தினமும் காபிக்குப் பிறகு நாகமணி அதில் உட்கார்ந்து கிளப்பினாள். சத்தம் தெருமுனைவரை கேட்கும். மனுசர் முகத்தை மறக்கலாம், வீட்டை மறக்கலாம், இந்தச் சத்தத்தை மறக்கமாட்டார், எங்கேயோ பக்கத்தில் நடந்து போகிறவர் காதில் விழுந்தால் கால் தானாகத் திரும்பாதா. பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தேதான் செய்தாள். ஆயில் மாற்றினாள், கெட்டுப்போகும் முன்பே தண்ணீர் பம்பை மாற்றச் சொன்னாள், அம்மா வண்டி ஓடவே இல்லீங்களே என்று ஜக்கரியா தயங்கினார், காலக்கெடு ஆச்சுங்களே என்றாள். அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டி போன வாரம் ஒரு காலையில் நடுங்கியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. புகைக்குழாயில் பச்சைப் பெட்ரோல் வாசனை. வெடி, வெடி, வெடி, இல்லை, வெடி, வெடி. அந்த இல்லை எங்கே விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், ஆறு இடமும் தெரிந்திருக்க வேண்டிய காது, இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் இறந்துவிட்டார் என்று நினைத்தாள். வண்டிக்கு எப்படித் தெரியும் என்று தன்னையே திட்டினாள். திட்டிவிட்டு ஜக்கரியாவைக் கூப்பிட்டாள். சரிசெய்துவிட்டால் இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் இன்றைக்குக் கிடைத்தது காருடைய மிஸ்ஸிங்காக இருக்க வேண்டும், அது கிடைத்துவிட்டால் ஆறும் வெடிக்கும், ஆறும் வெடித்தால், கண்டக்டர் பட்டறை ஸ்டாப் பேரைச் சொன்னார். எழுந்தாள். இறங்குங்க என்றார் கண்டக்டர். அடுத்ததுக்கும் இந்த டிக்கெட் செல்லுங்களா என்று கேட்டாள். செல்லும் என்றார். கீரைக்காரப் பெண் காலை ஒதுக்கி வழிவிட்டாள். நாகமணி இறங்கிவிட்டாள்.

பட்டறைக்கு ஒரு சந்து நடக்க வேண்டும். வெல்டிங் கடை, டயர் கடை, கரும்பு ஜூஸ் வண்டி, எல்லாம் தினமும் இருக்கிற மாதிரியே இருந்தன, அது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. தூரத்திலேயே அவருடைய கார் தெரிந்தது, மூடி திறந்திருந்தது, ஜக்கரியா குனிந்திருந்தார். சிரித்த முகமாக இருந்தால் நல்ல சேதி என்று பார்த்தாள், முதுகுதான் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து துணியில் கை துடைத்தார்.

"வாங்கம்மா. நீங்களே வந்துட்டீங்களா? நானே சாயங்காலம் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"நீங்க கூப்பிடலீங்களா?" என்றாள்.

"இல்லீங்களேம்மா. என்னத்தச் சொல்றதுன்னுதான் கூப்பிடல. மிஸ்ஸிங் இன்னும் பிடிபடலீங்க." கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நேரம் இரண்டாவது என்கிறது, ஒரு நேரம் ஆறாவது என்கிறது, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை இடம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, பிளக் ஆறும் புதுசு போட்டாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் விடுங்கள் என்றார். கேளுங்க என்று கையை நீட்டி வண்டியைக் கிளப்பினார். வெடி, வெடி, இல்லை, வெடி. பட்டறையில் வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்களா என்று கேட்டாள். எல்லாரும் தொழுகைக்குப் போயிருக்காங்க, நான் மட்டும்தான் என்றார். அவள் முகத்தில் எதைப் பார்த்தாரோ, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். ஆக, அதுதான். ருச்சு என்று முடிந்தது அதுதான். பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம், வேப்பமரம், பாதி நகம். பாதி நகமாக இருக்கும் இந்த முறை. போகாமல் இருந்துவிட்டால் என்ன. வீட்டுக்குப் போய்ச் சட்னியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, காலையில் காபி குடித்து, ஆனால் கார் இங்கே நிற்கிறது, எதில் போய் உட்காருவது. இது அவளுக்கே பயமாக இருந்தது. போனை எடுத்தாள். விரல் இந்தத் தடவை தானாக இறங்கியது. மணி போனது, ஒரு தரம்தான், எடுத்துவிட்டார்கள். அவள் வாயிலிருந்து வேலைக்காலத்துக் குரல் வந்தது, தெளிவாக, தன்னுடையது அல்லாததுபோல.

"எங்கிருந்து பேசறீங்க?"

"ஸ்டேஷன்லருந்துங்க. மிஸ்ஸிங்கம்மாங்களா? எங்க வந்துட்டிருக்கீங்க?"

ரைட்டர்தான். "எங்க வரணுங்க?" என்றாள். "ஆஸ்பத்திரிக்குங்களா?"

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க? சார் இங்கதான் உக்காந்திருக்காரு. டீ குடுத்தோம். குடிச்சாரு."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரைட்டர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். மலையடிவாரம் பக்கம் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இத்தனை மாசமாக இருந்திருக்கிறார், உடம்பு இளைத்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரு நம்பர் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒண்ணு, அஞ்சு, மூணு என்று. ஒருசில நேரம் இன்னும் மூன்று நம்பர் கூட வருமாம். வீட்டு போன் நம்பர் போலிருக்கிறது, மீதி மறந்துவிட்டது என்று நினைத்து அந்த இல்லத்துக்காரர்களும் பாவம் முன்னாலும் பின்னாலும் எதை எதையோ சேர்த்து யார் யாருக்கோ அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் போட்டோவை வைத்துத்தான் பிடித்தோம் என்றார். "அந்த மிஸ்ஸிங் கேஸ் கிடைச்சிருச்சுன்னு உங்களுக்கு அப்பவே சொன்னேனேம்மா. அது என்ன நம்பருங்க?"

கேஸ். ருச்சு என்று முடிந்தது கேஸ், மிக்ஸி தின்றது அந்த ஒரு சொல்லைத்தான். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டு நம்பருங்க" என்றாள். "அவருகிட்டக் குடுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும், எதையும் முதலில் கொஞ்சம் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கும். மூச்சு கேட்டது. "ஏனுங்க" என்றாள். "ஏனுங்க, நான் நாகு பேசறேன்." மூச்சு மட்டும். அந்தப் பேர் அவருக்கு ஒன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரிந்ததுதான். கிடைத்தவர் யாரோ, தொலைத்தவள் யாரோ, நாளைக்கு வீட்டு வாசலில் நின்று நீங்க யாருங்க என்று கேட்கப்போகிறார், கேட்கட்டும். ஜக்கரியாவைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு ஆக்சிலரேட்டரை லேசாக ஏற்றிவிட்டார். நாகமணி போனை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். அதன் சூடு முகத்தில் அடித்தது. நடுங்கிக்கொண்டு, நடுவில் ஒன்று விட்டுப்போய்த் தடுமாறிக்கொண்டு அது ஓடியது, அப்படியே கேட்கட்டும், என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு திட்டட்டும். மறுபடி காதில் வைத்தாள். அங்கே மூச்சு நின்றிருந்தது, யாரோ கூர்ந்து கேட்கும்போது நிற்குமே அப்படி.

"ஒண்ணு" என்றார்.

"ஆமாங்க."

"அஞ்சு. மூணு."

அங்கே நின்றது. வாய் திறந்திருக்கும், கண் பக்கத்தில் இருக்கும் ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாகமணி அவசரப்படவில்லை. அந்த இடைவெளியை, அதன் நீளத்தை, அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"ஆறு" என்றாள்.

லைன் இரைந்தது.

"ரெண்டு" என்றார் அவர்.